புட்டுவின் தலைக்கு மேல் இருந்த பலகை

முந்தாநாள் ஈப்போ பூங்கா, நேற்று லூமுட் கடற்கரை, இன்று கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம். எங்கள் நாய் புட்டுவுக்கு இது முதல் சுற்றுலா.

தோட்டத்து வாசலில் அதை உட்காரவைத்துப் படம் எடுத்தேன். உள்ளே போனதும் கயிற்றை அவிழ்த்துவிட்டேன்.

பாதையோரம் படுதாவில் அப்போதுதான் பறித்த கொழுந்தைக் கொட்டி வைத்திருந்தார்கள். புட்டு நேராக ஓடிப்போய் அதில் விழுந்து புரண்டது. லூமுட் மணல், சேறு, முடி எல்லாம் கொழுந்தில்.

கொழுந்து எடுக்கும் அக்கா ஒருவர் சரிவிலிருந்து இறங்கி வந்தார்.

"காலையில இருந்து எடுத்தது லா," என்றார். திட்டவில்லை. அழுக்கானதை அள்ளித் தூரக் கொட்டினார். நானும் குனிந்தேன்.

"வேணாம், நீங்க நாயைப் பிடிங்க."

"நாய்க்கு என்னக்கா தெரியும்," என்று அசடு வழிந்தேன்.

"அதுக்குப் படிக்கத் தெரியாதுதான். வாசல்ல போர்டு இருக்கே, தமிழ்லயும் எழுதியிருக்கு."

தங்கும் விடுதிக்கு வந்ததும் புட்டுவைக் குளிப்பாட்டினேன்.

காலையில் நான் இங்கே பதிவாகப் போட்ட வாசல் படத்தை இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். புட்டுவின் தலைக்கு நேர் மேலே, கொட்டை எழுத்தில், 'நாய்களுக்கு அனுமதி இல்லை'.

லைக் போட்டவர்களில் ஒருவர்கூடவா படிக்கவில்லை?