அம்மா படத்தில் வாடிய சரம்

‘வாழ்வும் சாவும்’ என்று ஒரு புகைப்படப் போட்டி. வாடும் பூவை எடுக்கலாம் என்று தோன்றியது. கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில், இறந்துபோன அம்மாவின் படத்துக்குத் தினமும் மல்லிகைச் சரம் போடுவேன். பூக்கார அக்காவிடம் நான்கு நாளைக்குப் பூ வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பழைய சரத்தை அப்படியே விட்டேன்.

அதன் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை, மதியம், விளக்கேற்றும் நேரம் என்று கேமராவோடு போய் நின்றேன். சீக்கிரம் வாடட்டும் என்று டேபிள் ஃபேனை அம்மா பக்கம் திருப்பிக்கூட வைத்தேன்.

மூன்றாம் நாள் அந்த வழியே போன அக்கா வாசலில் நின்றார். பழுப்பேறிய சரம் அவர் கண்ணில் பட்டுவிட்டது.

“ஊருக்குப் போறீங்கன்னுல்ல நெனச்சேன்.”

“போட்டோ எடுக்க வாட விட்டிருக்கேன்க்கா.”

அவர் கூடையிலிருந்து ஒரு சரத்தை எடுத்து நீட்டினார். “இது உங்களுக்கு இல்லைங்க, அம்மாவுக்கு. நான் பூ குடுத்த இத்தனை வருஷத்துல, வாடுன பூவை அவங்க ஒரு பொழுதுகூடத் தலையில வச்சிருந்ததில்ல.”

பழைய சரத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைப் போட்டேன். பிறகு, அதுவரை எடுத்திருந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பூ காம்புவரை துல்லியமாக இருந்தது. பின்னால் இருந்த அம்மாவின் முகம் ஒன்றில்கூடத் தெளிவாக இல்லை. ஃபோகஸைப் பூவின் மேல் வைத்தது நான்தான்.