தலைச்சோலைக் குளிரில் ஒரு புரதம்

ஜோதிமணி போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் செய்முறைத் தேர்வு நடத்திக்கொண்டிருந்தேன். மாரடைப்பாம். மாணவிகள் எதிரே அழக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டு அதன் முன்னால் நின்றேன். நம் உயிர்வேதியியல் துறையில் அவரோடு டீ குடித்த எவருக்கும் இன்னும் மனசு ஆறியிருக்காது.

எங்கள் இருவருக்கும் ஒரே வயது, பக்கத்துப் பக்கத்து மேசை. என் முனைவர் ஆய்வு முழுக்க ஒரு புரதத்தை நம்பி இருந்தது. புரதம் என்பது நீளச் சங்கிலி. தனக்குரிய வடிவத்தில் மடங்கினால்தான் வேலை செய்யும். என்னுடையதை யூரியாவில் பிரித்துவிட்டு, பிறகு யூரியாவை மெல்ல நீக்கி மறுபடி மடங்க வைக்க வேண்டும். சேலத்துச் சூட்டில் ஒவ்வொரு முறையும் களி மாதிரிக் கட்டி தட்டியது. கல்லூரிக் குளிரறையோ பழுது. ஆய்வுக்கான கடைசிக் கால நீட்டிப்பும் முடியப்போகிறது. இன்னும் ஒரே ஒரு முறைக்குத்தான் புரதம் மிச்சம்.

"விட்டுடலாம்னு இருக்கேன்" என்றேன் ஜோதிமணியிடம்.

"ஏனுங்க மேடம், ஊரே தேடி வர்ற குளிரு எங்கூட்டுல சும்மா கெடக்குது. மார்கழிங்க. கெளம்புங்க!"

பஸ் அடிவாரம் தாண்டியதும் வளைவுக்கு வளைவு நான் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

மலைமேல் தலைச்சோலையில் அவர் வீட்டுப் பின்கட்டில், எவர்சில்வர் பானையில் யூரியா குறைந்த கரைசலை ஊற்றி, புரதம் அடைத்த சவ்வுப் பையை அதில் தொங்கவிட்டோம். புரதம் உள்ளேயே இருக்கும். யூரியா மட்டும் சவ்வு வழியே வெளியேறும். அவருடைய அம்மா எட்டிப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, இதுக்குள்ள என்னது?"

"மேடத்தோட உசுருங்கம்மா."

அதற்குப் பிறகு அந்த அம்மா பூனையைக்கூட அந்தப் பக்கம் விடவில்லை.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. யூரியா இன்னும் குறைந்த அடுத்த கரைசலுக்குச் சீக்கிரமே மாற்றிவிடலாமே என்று போனபோது கையைத் தட்டிவிட்டார். "எண்ணெய்க் கொணமுள்ள பாகமெல்லாம் தண்ணிக்குப் பயந்து உள்ள போய் ஒளியணுமுங்க. அவசரப்படுத்துனா பக்கத்துச் சங்கிலியப் புடிச்சுக்கும். நீங்க வந்து சோறுண்ணுங்க." எந்தச் சோதனையிலும் அவர் இப்படித்தான். முதலில் அதட்டுவார், பிறகு ஊட்டிவிடாத குறையாகச் சாப்பிட வைப்பார்.

மறுநாள் காலை பை தெளிவாக இருந்தது. ஆனால் தெளிவு மட்டும் போதாது. சரியாக மடங்கிய புரதம் ஒரு சொட்டு விழுந்தால் சோதனைக் கரைசல் மஞ்சளாக வேண்டும். சோதனைக் குழாயை அவரிடம் கொடுத்துவிட்டு, காப்பிச் செடிகள் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

அதில் கிடைத்த பட்டம் இன்று என் பெயருக்கு முன்னால் இருக்கிறது. எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். ஜோதி, உங்களுடையதாக நான் வைத்திருப்பது வேறு. நான் பார்க்கத் துணியாததை எனக்காகப் பார்த்துவிட்டு, என் முதுகுக்குப் பின்னாலிருந்து நீங்கள் போட்ட அந்தச் சத்தம்:

"ஏனுங்க மேடம், திரும்புங்க! மஞ்சளாயிருச்சுங்க!"