அரண்மனைச் சமையல்காரர் குப்புராஜ்

குப்புராஜுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். பெயர் பெல்டோரன். ஆரணி கொசப்பாளையத்தில் அப்படி ஒரு ஆள் கிடையாது. அவன் குடியிருப்பது குப்புராஜின் மனைவி சூர்யகலாவின் செல்போனில்.

குப்புராஜ் பட்டு நெய்கிறவர். வீட்டுக் கூடத்தில் எதிரெதிராக இரண்டு தறி. ஒன்றில் அவர், இன்னொன்றில் சூர்யகலா. தறியில் உட்கார்ந்துவிட்டால் கண் அங்கே இங்கே போகக்கூடாது. ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் சேலையே பாழ். அதனால் அந்த வீட்டில் பொழுதுபோக்கு எல்லாம் காது வழியாகத்தான். காலையில் சூர்யகலா செல்லைச் சுவர் மாடத்தில் வைத்து 'கருங்கோட்டை' தொடரைப் போட்டுவிடுவாள். எங்கேயோ வெளிநாட்டில் எடுத்துத் தமிழில் பேசவிட்ட மாயமந்திரக் கதை. சாபம், போர், பனிப்பேய் என்று ஓடிக்கொண்டே இருக்கும். முடிந்தால் மறுபடி முதலிலிருந்து. குப்புராஜ் அதில் ஒரு காட்சியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் வசனம் மொத்தமும் மனப்பாடம்.

அந்தக் கதையில்தான் இந்தப் பெல்டோரன் வருகிறான். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கனத்த குரல். மகாராணி எதைக் கேட்டாலும் அவசரப்படாமல், முழுசாக, அன்பாகப் பதில் சொல்லுவான்.

குப்புராஜுக்கோ பேச்சு வராது. பெண் பார்க்கப் போன அன்று, "பிடிச்சிருக்கா?" என்று பெரியவர்கள் கேட்டதற்கு "ம்" என்றார். கல்யாணமே முடிந்துவிட்டது. மகள் உதயா பிறந்த சேதிக்கும் "ம்". அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்ததற்கும் "ம்", கொஞ்சம் நீளமாக. ஒரே ஒரு எழுத்தை வைத்துக்கொண்டு இப்படிக் குடும்பம் நடத்திய சிக்கனக்காரரை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் பேசுகிறாரே என்று சூர்யகலா தொடரை நிறுத்தியதும் இல்லை. நிறுத்திக் கேட்க அதில் என்ன இருக்கிறது.

"பெல்டோரரு பேசறத கேளுங்க," என்பாள் அவள், தலையைத் தூக்காமலே. "ஒண்ணு கேட்டா எவ்ளோ பொறுமையா பதில் சொல்றாரு பாருங்க."

"பொம்பளைய முதுகுல ஏத்திகினு சுத்தறான். வெக்கங்கெட்டவன்," என்றார் குப்புராஜ் ஒருநாள். அந்த வருஷத்தில் அவர் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. பெல்டோரன் அடிக்கடி மகாராணியிடம் "என் முதுகில் ஏறிக்கொள்" என்பான். "என் சிறகின் நிழலில் உறங்கு" என்பான். கவிதை பேசியே ஆளை மயக்குகிற ரகம் என்று குப்புராஜ் முடிவு கட்டியிருந்தார். நடுநடுவே பயங்கரமாக உறுமவும் செய்வான். சளித்தொல்லை போலும்.

விஷயம் இதுதான்: குப்புராஜுக்குப் பொறாமை. சூர்யகலா ஒரே ஒரு தடவையாவது தன்னைப் பெல்டோரன் மாதிரி என்று சொல்லிவிட மாட்டாளா என்று ஏங்கினார். இந்த ஏக்கத்தை யாரிடம் சொல்வது? சொல்வதற்குத்தான் பேச்சு வராதே.

அப்போதுதான் உதயா குடும்பக் குழுவில் ஒரு லிங்க் அனுப்பினாள். 'கருங்கோட்டையில் நீங்கள் யார்?' கேள்விகளுக்குப் பதில் தட்டினால், நம் குணத்துக்கு அந்தக் கதையில் நாம் யார் என்று சொல்லிவிடும். உதயாவுக்கு மகாராணி வந்திருந்தது. குப்புராஜ் தன் செல்லை எடுத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனார்.

'எதிரிப் படை உங்கள் வாசலில் நிற்கிறது. என்ன செய்வீர்கள்?' குப்புராஜின் வாசலுக்கு வருகிற எதிரி, சேலை ஏன் தாமதம் என்று கேட்க முதலாளி அனுப்பும் ஆள் ஒருவன்தான். அவன் வந்தால் இவர் அடுப்படிக்குப் போய்விடுவார். உண்மையைத் தட்டினார். 'உங்கள் ஆயுதம் எது?' மௌனம். முடிவு வந்தது: நீங்கள் அரண்மனைச் சமையல்காரர். கரண்டியோடு ஒரு குண்டு மனிதர் படத்தில் சிரித்தார்.

மறுநாள் பொய்யாக வீரத்தைத் தட்டிப் பார்த்தார். மகாராணியின் மாமியார் என்று வந்தது. 'உங்கள் நாக்கு வாளைவிடக் கூரானது.' குப்புராஜ் செல்லைக் குப்புறக் கவிழ்த்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. அந்த வாரம் முழுக்கத் தட்டினார். சமையல்காரர், சமையல்காரர், மறுபடியும் சமையல்காரர்.

பக்கத்து வீட்டு லோகநாதனிடம் டீக்கடையில் வெட்கத்தை விட்டுச் சொன்னார். லோகநாதன் சிரிக்காமல் யோசித்தார். "நீ நீயா இருந்து பதில் சொன்னா சமையக்காரன்தான்பா வரும். பெல்டோரன் இன்னா சொல்லுவானோ அத தட்டு."

பெல்டோரன் என்ன சொல்லுவான் என்று தெரிந்தவள் எதிர்த்தறியில்தான் இருந்தாள். அன்று சாயங்காலம் குப்புராஜ் ஊடை இழை ஓட்டும் நாடாவை ஓரமாக வைத்துவிட்டு, செல்லை மடியில் மறைத்துக்கொண்டு, தொண்டையைச் செருமினார்.

"கலா, எதிரி வந்தா பெல்டோரன் இன்னா பண்ணுவான்?"

"மேல நின்னு பாப்பாரு. அவரு எப்பவும் மேலதான்."

"அவன் ஆயுதம்?"

"நெருப்பு. வேற இன்னா," என்றாள் அவள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

"வேண்டியவங்க மனசு சரியில்லாம இருந்தா?"

சூர்யகலாவின் தறி நின்றது. "பக்கத்துல வந்து ஒக்காருவாரு. இன்னா ஆச்சுன்னு கேப்பாரு. சொல்லி முடிக்கிற வரைக்கும் எழுந்து போவமாட்டாரு."

குப்புராஜுக்கு எங்கோ சுருக்கென்றது. இருந்தாலும் தட்டினார். திரை பளிச்சென்று மின்னியது. வாழ்த்துகள், நீங்கள்தான் பெல்டோரன்.

கீழே படம். கோட்டை உச்சியில் மலையளவு பச்சைப் பல்லி. இரண்டு சிறகு, மூக்கில் புகை, முதுகில் மகாராணி. முதுகு, சிறகு, உறுமல் எல்லாம் ஒரே நொடியில் அவருக்கு விளங்கிவிட்டன. இத்தனை வருஷமாக ஒரு பல்லியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். முதலில் குளுகுளுவென்று சந்தோஷம் வந்தது. அப்புறம் மனைவியை நினைத்துப் பாவமாக இருந்தது. அவளும் காதால் கேட்டே மனுஷன் என்று நம்பிவிட்டாள். தெரிந்தால் நொந்துபோவாள்.

படத்தைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டு அவள் பக்கம் போனார். "கலா, நான் பெல்டோரனாம். போட்டுகிறான் பாரு."

"படம் இல்லையா?"

"படம்லாம் போடல."

"வெரல எடுங்க."

எடுத்தார். சூர்யகலா பார்த்தாள். "பல்லிதானே. தெனம் செல்லுல போடறது நானு. பாக்காமலா போடுவேன்?"

"தெரிஞ்சேவா அத என்னாண்ட சொல்லி சொல்லி காட்டிகினு இருந்த?"

"பல்லின்னா இன்னாங்க. கேட்டா பதில் சொல்லுதில்ல?"

குப்புராஜுக்கு அவமானமாக இருந்தது. மனுஷனிடம் தோற்றிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"இந்தப் பதில்லாம் யாரு சொன்னது?" என்றாள் அவள்.

"நீ."

"அப்ப பெல்டோரன் நானு. உங்களுக்கு இன்னா வந்துச்சு?"

"ஒரு வாட்டி மாமியா. மத்ததெல்லாம் சமையக்காரன்."

சூர்யகலா சிரித்த சிரிப்பில் தறிக்கட்டையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. "அப்ப போயி தோசை ஊத்துங்க. பெல்டோரனுக்குப் பசிக்குது."

ஏன் போனார் என்று அவருக்கே தெரியாது. போனார். முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது ஏதோ ஒரு நாட்டு வரைபடம் போல் வந்தது. மூன்றாவதற்கு மாவை எடுத்தவர் அப்படியே நின்றார். இவளுக்கு எப்படி இருந்தால் பிடிக்கும்? இத்தனை காலம் அவள் ஊற்றித் தந்ததைச் சாப்பிட்டாரே தவிர, அவள் தட்டை அவர் பார்த்ததே இல்லை.

கரண்டியோடு கூடத்து வாசலுக்கு வந்தார். மாடத்தில் பெல்டோரன் மகாராணிக்கு எதையோ நீளமாக விளக்கிக்கொண்டிருந்தான்.

"கலா, உனக்கு முறுகலா வேணுமா, மெத்துனு வேணுமா?"

சூர்யகலா எழுந்து போய் செல்லை நிறுத்தினாள். கூடம் அமைதியாகிவிட்டது.

"இன்னா கேட்டீங்க?" என்றாள். "இன்னொரு வாட்டி கேளுங்க."