அம்மா நிறுத்திய மாத்திரை

அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் வலது கை இறுகிக்கொண்டது. கட்டைவிரல் உள்ளங்கைக்குள் போக, மற்ற விரல்கள் அதன்மேல் குவிந்து நின்றன. பிரித்துப் பார்த்தேன், முடியவில்லை. உதட்டைச் சுற்றி எறும்பு ஊர்வதுபோல் இருக்கிறது என்றாள். பக்கவாதமேதான் என்று முடிவே கட்டிவிட்டேன். மண்ணூர்பேட்டையில் ஷிப்டில் இருந்த அப்பா போனை எடுக்கவில்லை.

பாரிவாக்கத்திலிருந்து கரையான்சாவடி வரை ஆட்டோவில், கல்லூரி செமினாருக்காகப் படித்ததெல்லாம் தலைக்குள் ஓடியது. மூளைக்குப் போகும் ரத்தம் நின்றால் நரம்பு செல்லின் கதவுகள் திறந்துகொள்ளும். வெளியே இருக்கும் கால்சியம் வெள்ளமாக உள்ளே பாயும். சும்மா கிடந்த நொதிகளை அது கிளப்பிவிட, அவை செல்லையே அரித்துத் தின்னும். என்ன அழகான ஏற்பாடு என்று படிக்கும்போது துள்ளியிருந்தேன். இப்போது ஒவ்வொரு சிக்னலிலும் அம்மாவுக்குள் எத்தனை செல் செத்திருக்கும் என்று கணக்குப் போட்டேன்.

"வலிப்பு மாரி கீது நைனா. இந்தா, ஊட்டுச் சாவி. அம்மா கைல குடு" என்று ஆட்டோக்காரர் ஒரு கொத்தை நீட்டினார். இரும்பு வலிப்பை நிறுத்தாது என்று எனக்குத் தெரியும். இருந்தும் வாங்கி, திறக்காத அந்தக் கைக்குள் திணிக்கப் பார்த்தேன்.

மருத்துவமனையில் டாக்டர் முதலில் அம்மாவின் கழுத்துத் தழும்பைத்தான் பார்த்தார். போன மாதம் தைராய்டு ஆபரேஷன் நடந்ததைச் சொன்னேன். அதற்குக் கொடுத்த கால்சியம் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா என்று கேட்டார்.

"நிறுத்திட்டேன் டாக்டர்" என்றாள் அம்மா. "கால்சியம் நரம்பக் கொன்னுடும்னு இவன் ஊட்ல சத்தமா படிச்சுகினு இருந்தான். படிக்கிற புள்ள, தப்பாவா சொல்லுவான்?"

கூடத்தில் நின்று செமினாரை ஒத்திகை பார்த்திருக்கிறேன். பூண்டு உரித்தபடி அவள் கேட்டிருக்கிறாள். கால்சியம் செல்லுக்குள் கட்டுமீறிப் பாய்வதுதான் ஆபத்து, ரத்தத்தில் அது இல்லாமல் முடியாது என்று என் பேச்சில் எங்கேயும் வரவில்லை. ரத்தத்தில் குறைந்துபோனால் நரம்புகள் அடங்காமல் துடிக்கும், கை இப்படித்தான் இறுகும் என்றார் டாக்டர்.

ஊசி வழியாகக் கால்சியத்தை மெல்ல மெல்ல ஏற்றினார்கள். வேகம் கூடினால் இதயத் துடிப்பு தடுமாறும் என்று சொன்ன நர்ஸ், துடிப்பைக் காட்டும் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எனக்கும் எடுக்கத் தைரியமில்லை.

"இது உள்ள போலாமாடா?" அம்மா என்னைத்தான் கேட்டாள்.

எதற்கும் முந்திக்கொண்டு பதில் சொல்லும் ஆள் நான். அன்று நர்ஸின் முகத்தைப் பார்த்தேன். அவர் தலையசைத்த பிறகுதான், "போலாம்மா" என்றேன். அவள் கை இன்னும் முழுதாகப் பிரியவில்லை.