கீழ்ப்படியில் நின்றவர்

ஸ்ட்ராத்ஃபீல்டில் வீடு மாற்றும் லாரியில் என்னோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து அண்ணனுக்குக் கழுத்தே கிடையாது. திங்கள் காலைகளில் ஃபோனில் அமெரிக்கக் கால்பந்து, அந்தக் கையால் பந்தெறிந்து ஆளோடு ஆள் மோதும் ஆட்டம், பார்த்துக்கொண்டே வருவார்.

ஒரு நாள் மாடிக்கு ஃபிரிட்ஜ் ஏற்றினோம். வழக்கம்போல் அவர் கீழ்ப்படியில் நின்றார், பாரமெல்லாம் அவர்மேல். வீட்டுக்காரர் என் கையை மட்டும் குலுக்கினார்.

அண்ணன் கொதித்தார். "அந்த ஆட்டத்திலயும் இதே கேடுகெட்ட புத்திதான். பந்தெறியிறவனைத்தான் எல்லாரிலும் பெரிய வீரன் எண்டுவாங்கள். அவனுக்கு முன்னால நிண்டு இடி வாங்கிறவன்ர பேர் ஒருத்தனுக்கும் தெரியாது. அவன் விலகினா எறியிறவன்ர எலும்பு மிஞ்சுமே?"

அடுத்த வீட்டில் பீரோ. "நான் கீழ பிடிக்கிறேண்ணே" என்றேன்.

"தள்ளடா! அது என்ர இடம்."

முன்னதைவிட அந்தக் கோபம்தான் பெரிது. எத்தனையோ ஊர்களில் பாரம் தூக்கிவிட்டேன், அப்படி ஒருவரை மறுபடி பார்க்கவில்லை.