ஸ்பீக்கரில் வந்த மிஸ்

எச்.ஐ.வி.க்குக் குளிசை போடத் தொடங்கிய நாளிலிருந்து மாதம் ஒருமுறை செங்கலடியில் பஸ் ஏறி மட்டக்களப்புக்குப் போவேன். கிளினிக்கில் ஆலோசனை சொல்லும் மிஸ் கதவைச் சாத்திவிட்டு என்னோடு அரை மணி நேரம் கதைப்பார். அவரிடம் எதையும் மறைக்க முடியாது, முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். இந்த வருடம், "இனி ஒரு மாதம் விட்டு ஒரு மாதம் வாங்க, இடையில போனில கதைப்பம்" என்றார். பஸ்ஸில் நசுங்குவது மிச்சம் என்று எனக்கு ஒரே புழுகம், சந்தோசம்.

எங்கள் வீட்டுப் பழக்கத்தை நான் யோசிக்கவில்லை. நான் இருப்பது அக்காவோடு; அவள் புருஷன், அத்தான், கத்தாரில் வேலை. அவர் அங்கிருந்து கோல் எடுத்தால் போனை ஸ்பீக்கரில் போட்டு, அடுப்படியில் நிற்பவர் வரைக்கும் கத்திக் கதைப்போம். அதனால் எந்தப் போன் அடித்தாலும் அக்காவின் கை ஸ்பீக்கருக்குத்தான் போகும். எனக்கிருக்கும் வருத்தம் எச்.ஐ.வி. என்று அக்காவுக்குத் தெரியாது. பிரஷர் கிளினிக் என்று சொல்லி வைத்திருந்தேன்.

மிஸ் முதல் தடவை எடுத்தபோது நான் கிணற்றடியில். ஈரக்கையோடு ஓடிவர, "தங்கச்சி தனியாவா இருக்காங்க?" என்று அவர் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"எங்கட வீட்டில ஆர் தனியா இருக்கிற? எல்லாரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கம், நீங்க கதையுங்க!" என்றாள் அக்கா.

மிஸ் கெட்டிக்காரி. "சும்மா சுகம் விசாரிக்கத்தான் எடுத்தன்" என்றார். அக்காவுக்கு இது போதாதா? நண்டுக் கறிக்கு முருங்கையிலை எப்போது போடுவது என்பது வரைக்கும் இருவரும் கதைத்தார்கள். எனக்குச் சிரிப்பு ஒருபக்கம், பயம் ஒருபக்கம். கடைசியில் ஸ்பீக்கர் போட்டபடியே போன் என் கைக்கு வந்தது.

"எல்லாம் ஒழுங்காத்தானே?"

"ஓம் மிஸ்" என்றேன். அது பொய். கண்ணகி அம்மன் சடங்குக்குக் கோயிலடியில் குடும்பமாகத் தங்கியபோது, சனத்துக்கு நடுவில் குளிசையை எடுக்கப் பயந்து நாலு நாள் போடாமல் விட்டிருந்தேன்.

மறுநாளே பஸ் ஏறினேன். மிஸ் முகத்தைப் பார்த்தார், கதவைச் சாத்தினார். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். அவர் ஏசவில்லை. கிருமி கூடியிருக்கிறதா என்று பார்க்க இரத்தம் எடுக்கச் சொன்னார். "வீட்டில ஒராளுக்கெண்டாலும் தெரிஞ்சா உங்களுக்கு லேசு. ஆனா அது உங்கட விருப்பம்" என்றார்.

அன்று பின்னேரமே அக்காவிடம் சொன்னேன். செத்துப்போன என் புருஷனிடமிருந்து வந்தது என்பதையும், சடங்கில் விட்ட நாலு நாளையும் சேர்த்தே சொன்னேன். ஒதுங்கிப் போய்விடுவாள் என்று பயந்து நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அவளுக்கு வந்தது கோபம். "நாலு நாளா? எனக்குப் பக்கத்திலதானே படுத்துக் கிடந்தாய்! ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் சீலையால மறைச்சுக்கொண்டு நிண்டிருப்பனே புள்ள!"

இரத்தப் பரிசோதனை முடிவை வாங்க இருவருமாகப் போனோம். "இவங்க உள்ளுக்கு இருக்கலாமா?" என்று மிஸ் முறைப்படி என்னிடம் கேட்டார். "இருக்கட்டும் மிஸ்" என்றேன். கிருமி கூடவில்லை, சோதனையில் தெரியாத அளவிலேயே இருக்கிறது என்று அவர் சொன்னதும் அக்கா விக்கி விக்கி அழுதாள். அவளைத் தேற்றத் தெரியாமல் நானும் மிஸ்ஸும் சிரித்துக்கொண்டிருந்தோம்.