லீவுக்கு நான் சிபாரிசு செய்த புத்தகம்

ஏப்ரல் பிறந்தால் போதும், எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் சிபாரிசுத் திருவிழா தொடங்கிவிடும். லீவுக்கு என்ன படிக்கலாம், என்ன பாட்டுக் கேட்கலாம், பிள்ளைகளுக்கு எந்தப் படத்தைக் காட்டலாம் என்று ஆளாளுக்குப் பட்டியல் போடுவார்கள். நான் மட்டும் வாயே திறக்க மாட்டேன். என் யோக்கியதை எனக்குத் தெரியும். வாழ்க்கையில் முதன்முதலாக நான் சிபாரிசு செய்த புத்தகத்தில் அறுபது பக்கம்தான் நான் படித்திருந்தேன்.

அப்போது ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை முடிந்திருந்தது. எளாவூரில் எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. கல்யாணமாகிப் பொன்னேரிப் பக்கம் போன அத்தை, ஒரு வருடம் முடிவதற்குள் இரண்டு பைகளோடு திரும்பி வந்துவிட்டாள். ஏன் வந்தாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தலை வாரிவிட ஆள் கிடைத்தது, அது போதாதா? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் டப்பாக்களுக்கு மூடி செய்யும் கம்பெனியில் அத்தை வேலைக்குச் சேர்ந்தாள். தினமும் காலையில் கம்பெனி வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போகும்.

அந்தக் கோடையில் வேனின் ஸ்பீக்கர் கெட்டுப்போனது. ஊர் ஊராக நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, அந்த வெயிலில் முக்கால் மணி நேரம் பாட்டில்லாமல் போவதென்றால் சும்மாவா? டிரைவரோ இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடித்தார். பெண்கள் ஆளுக்கொரு கதை சொல்வது என்று முடிவு செய்தார்கள். பார்த்த சீரியல், ஊர் வம்பு எல்லாம் இரண்டே நாளில் தீர்ந்துவிட்டது. உடனே அத்தை என் பெருமையை அவிழ்த்துவிட்டிருக்கிறாள், அண்ணன் மகள் லைப்ரரிப் புத்தகமெல்லாம் கரைத்துக் குடிக்கிறவள் என்று. அன்று சாயங்காலம் வந்ததும் வராததுமாக என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல புக்கா ஒண்ணு சொல்லுடி. நீ படிச்சிக்கினே வா, தெனம் எனக்குக் கதைய சொல்லு, நான் வேன்ல சொல்றேன்."

இருந்ததிலேயே குண்டான புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். குண்டாக இருந்தால் நல்லதாகத்தான் இருக்கும் என்பது என் அன்றைய இலக்கியக் கொள்கை. புருஷன் வீட்டை விட்டுக் கிளம்பிப் போகும் ஒரு பெண்ணின் கதை அது. நான்கு நாள் ஒழுங்காகப் படித்துச் சொன்னேன். ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டில் கேரம் போர்டு வாங்கிவிட்டார்கள். அதோடு என் படிப்பு நின்றது. ஆனால் சாயங்காலமானால் அத்தை விடுவாளா? "அப்பறம் இன்னா ஆச்சு?" என்று வந்து உட்கார்ந்துவிடுவாள். படிக்கவில்லை என்று சொல்ல எனக்கு வெட்கம். ஆகவே கதையை நானே ஓட்ட ஆரம்பித்தேன்.

எங்கள் ஊர் செக்போஸ்ட்டில் வரிசையாக நிற்கும் லாரிகளைத் தவிர நான் உலகத்தில் வேறு என்ன கண்டேன்? அந்தப் பெண்ணை லாரி ஓட்டக் கற்றுக்கொள்ள வைத்தேன். ஓங்கோலில் பஞ்சர் ஆக்கினேன். கல்கத்தா வரைக்கும் அனுப்பினேன். சொந்தமாக இரண்டு லாரி வாங்கிக் கொடுத்தேன். கடைசியில் புருஷன்காரன் கிளீனர் வேலை கேட்டு வந்து நிற்க, ஒரு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன். வேனில் ஒரே கைதட்டலாம். கதை முடிவதற்குள் கம்பெனி வந்துவிடக் கூடாது என்று டிரைவரே மெதுவாக ஓட்டினாராம். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வினை வேனின் முன்சீட்டு அக்கா உருவத்தில் வந்தது. தன் மகள் அந்தப் புத்தகத்தைப் படிக்க வேண்டும், திங்கட்கிழமை கொண்டு வா என்று அவர் அத்தையிடம் கேட்டுவிட்டார். அத்தையும் சரி என்றுவிட்டாள். கொடுப்பதற்கு முன் தானும் ஒரு தடவை படித்துவிடலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்தாள். நான் அடி வாங்குவது கிடக்கட்டும், வேன் முழுக்க அத்தையைப் பொய்க்காரி என்று சிரிக்குமே! லைப்ரரியில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று பிடுங்கிப் பார்த்தேன். அவள் விடவில்லை.

அவள் சாப்பிட எழுந்தபோது ஓடிப்போய்க் கடைசிப் பக்கத்தைப் பார்த்தேன். அடக் கஷ்டமே! லாரியும் இல்லை, கல்கத்தாவும் இல்லை. அந்தப் பெண் தன் தப்பை உணர்ந்து அழுதுகொண்டே புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போகிறாள். அவனும் பெரிய மனது வைத்து மன்னித்துவிடுகிறான். அந்த நேரத்தில் அடுப்படியில் அம்மா அப்பாவிடம், "அடுத்த ஞாயித்துக்கெழம அவங்க ஊட்லேர்ந்து வராங்களாம், கூட்டிக்கினு போறதுக்கு. போய்ச் சேந்துட்டா நம்மளுக்கும் நிம்மதி" என்று சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. எனக்கு இருந்த பயத்தில் அதையெல்லாம் யார் கவனித்தார்கள்?

சாயங்காலம் அத்தை படித்து முடித்தாள். புத்தகத்தை மூடி வைத்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள். செத்தேன் என்று போனேன். "தலையக் காட்டு, பேன் பாக்கறேன்" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் மனது கேட்காமல் அத்தையோடு வேன் நிற்கும் இடம்வரை போனேன். முன்சீட்டு அக்கா ஜன்னல் வழியாகக் கையை நீட்டினார், புக்கு எங்கே என்று.

"அது வேணாங்க்கா" என்றாள் அத்தை. "நல்லாத்தான் எழுதிக்கினு வந்தான், கடைசில கெடுத்துட்டான். எம் மருமவ சொன்னதுதான் கதை. அதையே உம் பொண்ணுக்குச் சொல்லு."

வேனே சிரித்தது. தலை தப்பியது தம்பிரான் புண்ணியம் என்று நான் கேரம் ஆட ஓடினேன். அத்தை எனக்காகத்தான் அப்படிச் சொன்னாள் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தையின் புருஷன் வீட்டிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பூ, வெற்றிலை பாக்கு, ஒரு கூடை நிறையப் பங்கனப்பள்ளி மாம்பழம். வாசனை வீட்டைத் தூக்கியது. நடந்தது நடந்ததாக இருக்கட்டும், பெண்ணை அனுப்பி வையுங்கள் என்று பெரியவர் ஒருவர் நெடுநேரம் பேசினார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். அத்தை எல்லாருக்கும் காப்பி கொடுத்தாள். கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

"நான் வரல. எனக்கு இங்க வேல இருக்குது. காப்பி ஆறிடும், குடிங்க."

அம்மா அழுதாள். அப்பா தலையாட்டுவதை நிறுத்தினார். பிறகு, "அது இஷ்டம்தாங்க" என்றார். வந்தவர்கள் கூடையையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு வந்ததே ஆத்திரம்! அந்த ஒரு வார்த்தையை, கூடையைப் பிரித்த பிறகு சொல்லியிருக்கக் கூடாதா என்று அத்தையோடு இரண்டு நாள் நான் பேசவே இல்லை.